நாலு டபிள்யூவும் ஒரு பெட்ரூமும்

மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றவங்களுக்கு நான் படிச்ச யுனிவர்சிட்டில மாக் இன்டர்வியூ வெச்சுத் தருவாங்க, படிச்சு முடிச்சு வெளிய போனவங்க கேட்டாலும் தருவாங்க, நானும் போய் உக்காந்தேன். ஏன் டாக்டராகணும், ஏன் டெக்சஸ்லயே இருக்கணும், கூட வேலை செய்றவங்களோட ஒத்து வரலன்னா என்ன பண்ணுவ, இதுக்கெல்லாம் பதில் ரெடியா இருந்துச்சு, நல்லாத்தான் போச்சு. கடைசில அட்வைசர் மேடம் ட்ரான்ஸ்கிரிப்டை என் பக்கம் திருப்பி வெச்சு, 2021 ஸ்பிரிங் செமஸ்டர்ல வரிசையா நாலு டபிள்யூ இருக்கே, இதக் கேட்டா என்ன சொல்லுவனு கேட்டாங்க. டபிள்யூன்னா செமஸ்டர் நடுவுல விட்ட கோர்ஸுக்கு கிரேடுக்குப் பதிலா போடுற எழுத்து. அந்த வருஷம் வேலை நேரம் கூடிப்போச்சு, வீட்டு வாடகையை நான் கட்ட வேண்டியிருந்துச்சு, அதனால விட்டேன்னு சொன்னேன். அவங்க நல்ல மனுஷி, எனக்கு நல்லது நெனச்சுத்தான் சொன்னாங்க: "இப்படிச் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி கேக்கும். என் சக்திக்கு மீறி எடுத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கிட்டேன், அப்படின்னு சொல்லிப் பாரு."

சொல்லிப் பாத்தேன். ஹைவே 59-ல சாயங்கால ட்ராஃபிக்ல கார் நகராம நிக்கும்போது சத்தமாவே சொல்லிப் பாத்தேன், பக்கத்து லேன்ல இருந்த ஆள் திரும்பிப் பாக்குற அளவுக்கு. வாயில வருது, ஆனா அது எனக்கு நடந்தது இல்ல. அந்த செமஸ்டர் நான் எடுத்தது மொத்தம் பதினோரு கிரெடிட், ஃபுல் டைம்னு சொல்ற பன்னெண்டு கூட கிடையாது. டைம் மேனேஜ்மென்ட்னா, என் வாழ்க்கையிலயே நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு பண்ணி ஓடின காலம்னா அதுதான், லஞ்ச் பிரேக்ல கார்ல உக்காந்து ஆர்கானிக் லெக்சர் ரெக்கார்டிங்க ஒண்ணரை ஸ்பீடுல ஓட விட்டு தயிர்சாதம் சாப்பிட்டவ நான். கத்துக்க வேண்டியது ஏதாவது இருந்திருந்தா அது வேற யாராவதுதான் கத்துக்கணும். இது ஆணவமா இருக்கலாம். ஆனா அன்னிலேர்ந்து இது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதினாலாவது அடங்குதான்னு பாக்கறேன்.

அந்த ஸ்பிரிங்

நாங்க இங்க வந்தது 2017-ல. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, எங்களை இங்க கூப்பிட இமிக்ரேஷன் பெட்டிஷன் போட்டப்போ நான் எல்கேஜி கூட சேரல, விசா வந்தப்போ பாளையங்கோட்டையில பிளஸ் டூ முடிச்சிருந்தேன். கோர்ட் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்த அப்பா ஹூஸ்டன்ல கேஸ் ஸ்டேஷன் கவுன்டர்ல நின்னார், அம்மா ஹில்கிராஃப்ட்ல ஒரு இந்தியன் கிராசரில பில் போடுறதும் ஷெல்ஃப் அடுக்குறதும். வந்த மறு மாசம் ஹார்வி புயல், அது தனிக் கதை. நான் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு 2020 ஃபால்ல யுனிவர்சிட்டிக்கு மாறினேன், கூடவே ஒரு பெரிய செயின் ஃபார்மசில டெக்னிஷியன் வேலை. மாத்திரையை ட்ரேல கொட்டி ஸ்பேட்சுலாவால அஞ்சஞ்சா தள்ளி எண்றது, டிரைவ் த்ரூல நிக்கிறவங்ககிட்ட உங்க இன்சூரன்ஸ் இன்னும் ரீஃபில் பண்ண விடல, வியாழக்கிழமை வாங்கனு சொல்லி திட்டு வாங்குறது. வாரத்துக்கு இருபது மணி நேரம்னுதான் பேசி சேந்தேன். அது வரைக்கும் ஓடுச்சு, சுலபமா இல்ல, ஆனா ஓடுச்சு.

2021 பிப்ரவரி 15 அதிகாலையில பனிப்புயல்ல கரண்ட் போச்சு. டெக்சஸ்ல இருந்தவங்களுக்கு இதச் சொல்லவே வேண்டாம், நாப்பது லட்சத்துக்கும் மேல வீடுகள் இருட்டுல, ஹூஸ்டன்ல தண்ணி உறையுற குளிரு, ஊரெல்லாம் பைப் வெடிச்சுது. அப்பா வேலை செஞ்ச கேஸ் ஸ்டேஷன்லயும் வெடிச்சு சீலிங் இறங்கிருச்சு. ஓனர் ரெண்டு வாரம்னு சொல்லி மூடினார், மே மாசம்தான் திறந்தார். அந்த நேரத்துலதான் ஃபார்மசிக்கு கோவிட் வேக்சின் வர ஆரம்பிச்சுது. டெக்னிஷியன்களும் ஊசி போடலாம்னு போன அக்டோபர்லயே ஃபெடரல் அனுமதி வந்திருந்ததால எங்களுக்கும் ட்ரெய்னிங் குடுத்திருந்தாங்க. மாடர்னா ஒரு வயல்ல பத்து பேருக்கு, ஊசி குத்தித் திறந்துட்டா அப்போ இருந்த ரூல்படி ஆறு மணி நேரத்துல முடிச்சாகணும், சாயங்காலம் ரெண்டு டோஸ் மிஞ்சுச்சுன்னா யாருக்காவது ஃபோன் போட்டுக் கூப்பிடணும், அதுக்கு ஒருத்தர் நின்னாகணும், நிக்கிறது யாரு, ஸ்டூடன்ட்தான. மார்ச் 29-லேர்ந்து டெக்சஸ்ல பெரியவங்க யாரு வேணாலும் போட்டுக்கலாம்னு திறந்து விட்டாங்க. இருபது மணி நேரம் முப்பத்தெட்டு ஆச்சு. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல, ஏன்னா அப்பாவுக்கு சம்பளம் இல்ல, அந்த கூடுதல் மணி நேரம்தான் எங்க வாடகை.

லெக்சர் பிரச்சனை இல்ல, எல்லாம் ரெக்கார்டிங்ல இருக்கும். லேப்தான் கழுத்தைப் பிடிக்கும். ஆன்லைனா இருந்தாலும் லேப் நேரம் நேரம்தான், செவ்வாய் மதியம் ஒண்ணுலேர்ந்து நாலு ஆர்கானிக், வியாழன் அதே நேரம் ஃபிசிக்ஸ், கேமரா ஆன்ல இருக்கணும், ரெண்டு லேப் போச்சுன்னா ஃபெயில். ஃபார்மசியில கூட்டம் சேர்ற நேரமும் அதே மதியம்தான். ப்ரீ-மெட், அதான் மெடிக்கல் ஸ்கூலுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய கோர்ஸ்கள், படிச்சுக்கிட்டே வேலை பாக்கிறதப் பத்தி பேசுறவங்க யாரும் இத சரியா சொல்றதில்ல. எத்தனை மணி நேரம் படிக்கணும் எத்தனை மணி நேரம் வேலைன்னு கூட்டிக் கழிச்சா எல்லாம் அடங்கும், வாரத்துல 168 மணி நேரம் இருக்கு, அடங்காம என்ன. எந்த மணி நேரம் யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் கேள்வி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு நாலு மணி நேரம் ஃப்ரீயா இருந்துச்சு, அத யாரு வாங்கிப்பாங்க?

ஏப்ரல்ல டிராப் டெட்லைன். ஆர்கானிக் 2, அதோட லேப், ஃபிசிக்ஸ் 2, அதோட லேப், நாலையும் விட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டேன், லேப் கிடையாது, ராத்திரில படிக்கலாம். பட்டனை அமுக்கினப்போ அழுதேன்னு எழுதினா நல்லாருக்கும், அழல, தூங்கினேன்.

விடுறதுக்கும் கணக்கு இருக்கு

பல்லைக் கடிச்சு சி வாங்கிட்டுப் போயிருக்கலாமேன்னு அத்தை வீட்டுல கேட்டாங்க. நம்மூர்ல பாஸ்னா பாஸ். இங்க மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்ல ஒரு கோர்ஸை எத்தனை தடவை எடுத்தாலும் எல்லா கிரேடும் ஜிபிஏ-ல, அதாவது நாலுக்குப் போடுற சராசரில, சேரும், ரெண்டாவது தடவை ஏ வாங்கினா முதல் சி அழியாது. ஆஸ்டியோபதி காலேஜ்களுக்கான அப்ளிகேஷன்ல மட்டும் புது கிரேடு பழசை மாத்திக்கும்னு ஒரு சலுகை இருந்துச்சு, அதையும் 2017-ல எடுத்துட்டாங்க. எனக்கு அப்போ 72 கிரெடிட்டுக்கு 3.6. எட்டு கிரெடிட்ல சி வாங்கியிருந்தா 3.44-க்கு இறங்கியிருக்கும், சயின்ஸ் ஜிபிஏ தனியா பாப்பாங்க, அது இன்னும் மோசமா அடிவாங்கும். எம்டி ஸ்கூல்ல (நம்மூர் மாதிரி இல்ல, இங்க எம்டிதான் டாக்டராகிற முதல் பட்டம்) சேர்றவங்களோட சராசரி 3.7-க்கு மேல இருக்கு. டபிள்யூ ஜிபிஏ-ல சேராது, காகிதத்துல நிக்கும், அவ்வளவுதான். அதனால அது பயந்து எடுத்த முடிவு கிடையாது, கால்குலேட்டர் வெச்சு எடுத்த முடிவு.

ஸ்டாட்டிஸ்டிக்ஸை வெச்சுக்கிட்டதுக்கும் காரணம் உண்டு, அத எனக்குச் சொன்னது ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல ஃபோன் எடுத்த ஒருத்தர், பேரு கூட கேக்கல, புண்ணியவான். செமஸ்டர்ல அறுபது சதவீதம் தாண்டுறதுக்கு முன்னாடி எல்லா கோர்ஸையும் மொத்தமா விட்டா, வாங்கின ஃபெடரல் பணத்துல ஒரு பங்கைத் திருப்பிக் கணக்கு பண்ணுவாங்க, காலேஜ் திருப்பிக் கட்டிட்டு நம்மகிட்ட பில் அனுப்பும். ஒரு கோர்ஸை வெச்சிருந்து முடிச்சா அந்தத் தொல்லை இல்ல. அதுக்குப் பதிலா டெக்சஸ்ல வேற ஒண்ணு இருக்கு, 2007 ஃபால்லேர்ந்து சேர்ந்தவங்க அரசு காலேஜ்கள்ல மொத்தப் படிப்புக்கும் ஆறு கோர்ஸுக்கு மேல டிராப் பண்ண முடியாது. எல்லாத்தையும் விட்டுட்டுப் போனா அந்த ஆறுல சேராது, கொஞ்சம் விட்டா சேரும். ஒரு பக்கம் மூடினா இன்னொரு பக்கம் திறக்கும்.

ஆனா அந்தச் சட்டத்தைப் படிச்சப்போதான் எனக்கு ஒரு ஆச்சரியம். நியாயமான காரணம் இருந்தா ஆறுல சேக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க, உடம்பு முடியாம போறது, வீட்டுல ஒருத்தரைப் பாத்துக்கிறது, சாவு, ராணுவ சேவை, அப்புறம் மாணவரோட கட்டுப்பாட்டுக்கு மீறி வேலை நேரம் மாறுறது. அப்படியே இருக்கு. ஸ்டோர் மேனேஜர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஃபார்மோட குடுத்தேன், ஏத்துக்கிட்டாங்க. டெக்சஸ் சட்டசபைக்கே புரிஞ்ச விஷயம் இது, அங்க ஏழைகள் மேல தனிக் கரிசனம் இருக்கிறதா யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களே இத ஒரு காரணம்னு ஒத்துக்கறாங்க, இன்டர்வியூல சொன்னா மட்டும் சாக்காம்.

சாப்னு ஒண்ணு இருக்கு, எய்ட் தொடர்ந்து வரணும்னா எடுத்த கிரெடிட்ல ஏறக்குறைய 67 சதவீதம் முடிச்சிருக்கணும், டபிள்யூ எடுத்ததுல சேரும் முடிச்சதுல சேராது. எனக்கு முன்னாடி முடிச்ச கிரெடிட் நெறைய இருந்ததால தப்பிச்சேன். முதல் வருஷத்துலயே இப்படி விட வேண்டி வர்ற பசங்களுக்கு அடுத்த செமஸ்டர் வார்னிங், அதுக்கப்புறமும் ஏறலன்னா பணம் நிக்கும், அப்பீல் எழுதணும். பணம் நின்னா இன்னும் கூட வேலை, கூட வேலைன்னா இன்னொரு டபிள்யூ.

ஆறு கிரெடிட்டும் ஒன்பது மணி லேப்பும்

திரும்ப வர்றதுதான் விடுறத விட கஷ்டம், அத யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல. 2021 ஃபாலுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் திறந்தப்போ என் ஆசை ஆர்கானிக் 2-வும் லேபும் மட்டும் எடுக்கிறது, நாலு கிரெடிட், நிதானமா. ஆனா நாலு கிரெடிட்னா பாதி நேரத்துக்கும் கீழ, ஃபெடரல் லோன் வேணும்னா குறைஞ்சது ஆறு கிரெடிட் இருக்கணும், வசதி இல்லாத பசங்களுக்கு ஃபெடரல் அரசு தர்ற பெல் கிராண்டும் கிரெடிட்டுக்குத் தகுந்த மாதிரி சுருங்கும். லோன் இல்லன்னா வேலையைக் குறைக்க முடியாது, வேலையைக் குறைக்கலன்னா ஆர்கானிக்கைத் திரும்ப எடுத்துப் பிரயோஜனம் இல்ல. அதனால வேலையைக் குறைக்கிறதுக்காக தேவையில்லாத ஒரு கோர்ஸ் சேத்து எடுக்கணும். மியூசிக் அப்ரிசியேஷன் எடுத்தேன். பாக்-கையும் மொஸார்ட்டையும் நான் கேட்டது அமெரிக்க அரசாங்கத்தோட லோன் விதிமுறையாலதான்.

லேப் மறுபடியும் நேர்ல. கெடச்ச ஸெக்‌ஷன் காலையில ஒன்பது மணி, வாரத்துல இன்னும் மூணு நாள் லெக்சர். ஸ்டோர்ல கேட்டா முப்பத்தெட்டு மணி நேரத்துலேர்ந்து இருபதுக்கு இறக்கித் தரேன், காலைல வர வேணாம்னாங்க, அந்த மேனேஜரும் நல்லவர்தான், ஆனா பதினெட்டு மணி நேரச் சம்பளம் போகும். மணிக்கு பதினஞ்சு டாலர். வரி போக மாசம் ஆயிரத்துக்குப் பக்கம், அப்போ எங்க ரெண்டு பெட்ரூம் அப்பார்ட்மென்ட் வாடகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்பா கேஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பிட்டார், ஆனா மூணு மாசக் கடன் கிரெடிட் கார்டுல உக்காந்திருந்துச்சு.

இத நான் வீட்டுல சொல்லாமயே இழுத்தடிச்சேன். இன்னொரு வருஷம் வேலை பாத்துட்டு அப்புறம் படிக்கலாம்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். ஜூலை கடைசில லீஸ் புதுப்பிக்கிற பேப்பர் வந்துச்சு, அப்பாவுக்காக நான்தான் எல்லா பேப்பரையும் படிச்சு சொல்லணும், சாப்பாட்டு மேசைல அது விரிஞ்சு கெடந்தப்போதான் வாய் திறந்தேன். அப்பா உடனே ஓனர்கிட்ட ராத்திரி ஷிப்ட் கேக்கேன்னார், மணிக்கு ஒரு டாலர் கூட குடுப்பாவன்னு. அந்த ஏரியால ராத்திரி கேஸ் ஸ்டேஷன்னா என்னன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும், அம்மா அவரைப் பேசவே விடல. அத்தை ஷுகர் லேண்ட்ல மாடில ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு வாங்கன்னு ஏற்கனவே சொல்லியிருந்தாங்க, அதுக்கு அப்பா ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் சொல்லாததுலயே பதில் இருந்துச்சு.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஒரு பெட்ரூம் வீடு எவ்வளவுக்கு விடுதாவ?"

அதே காம்ப்ளெக்ஸ்ல பாத்தோம். இருநூத்தம்பது டாலர் கம்மி. அம்மா விரல் விட்டு எண்ணினாங்க, கடையில அவங்களுக்கு மணிக்கு என்ன, எனக்கு மணிக்கு என்ன, இருநூத்தம்பதுக்கு நான் எத்தனை மணி நேரம் நிக்கணும்னு. "மாசத்துக்கு பதினேழு மணி நேரம் மிஞ்சுதுலா. மிச்சத்துக்கு நான் ஞாயித்துக்கிழமையும் கடைக்குப் போறேன், கேட்டுக்கிட்டேதான் இருக்காவ." நான், தம்பி ஹைஸ்கூல் படிக்கிறான், நாலு பேர் எப்படிம்மான்னு கேட்டேன். "பாளையில எத்தனை ரூம்ல இருந்தோம்? ஒனக்கும் அவனுக்கும் பெட்ரூம், நடுவுல ஒரு சீலையைக் கட்டினாப் போச்சு. நானும் அப்பாவும் ஹால்ல படுத்துக்கிடுதோம்." அப்பா, அமெரிக்கா வந்து ஹால்ல படுக்கதான்னு சிரிக்கப் பாத்தார், முடியல. தம்பிதான் கடைசில சொன்னான், எனக்கு சீலை வேணாம், நான் ஹால்ல படுக்குறேன், அவங்க ரெண்டு பேரும் உள்ள படுக்கட்டும், அக்காவுக்கு டைனிங் டேபிளை எவனும் தொடக்கூடாதுன்னு சொல்லிருங்கன்னு. பதினஞ்சு வயசுப் பையன், பிளேஸ்டேஷன் வேணும்னு அடம்பிடிச்சவன். கடைசில எப்படி முடிஞ்சுதுன்னா அப்பாவும் தம்பியும் ஹால், நானும் அம்மாவும் பெட்ரூம், மேசை எனக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓடுச்சு.

என்னைக் கேட்டா அந்த நாலு டபிள்யூவுக்கு அப்புறம் என்ன மாறுச்சுங்கிறதுக்கு இதுதான் பதில். வாடகை மாறுச்சு. நான் மாறல, அதே மாதிரிதான் படிச்சேன், அதே ஃபிளாஷ்கார்டு, அதே கார், அதே தயிர்சாதம். ஃபால்ல ஆர்கானிக் 2-ல ஏ மைனஸ், லேப்ல ஏ, அடுத்த ஸ்பிரிங்ல ஃபிசிக்ஸ் 2-வும் ஏ. ஒண்ண ஒத்துக்கணும், மார்ச் வரைக்கும் ஒரு தடவை படிச்சதால முதல் எக்ஸாம் எனக்கு சுலபமா இருந்துச்சு, பென்சீன் ரிங்கும் என்எம்ஆரும் ஏற்கனவே பாத்தது. ஆனா ஆர்கானிக் 1-ல படிச்ச ரியாக்‌ஷன் அம்புக்குறியெல்லாம் நடுவுல துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு, எலக்ட்ரான் எங்கிருந்து எங்க போகுதுன்னே குழம்பினேன், கார்பனைல் சாப்டர் வர்றதுக்குள்ள அத மறுபடி உக்காந்து தேச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின கோர்ஸ்ல நடுவுல உருவினா அடுத்ததும் தள்ளிப்போகும், ஆர்கானிக் முடியாம பயோகெம் எடுக்க முடியாது, பயோகெம் இல்லாம எம்கேட், அதான் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு, எழுதறது வீண், எம்கேட் இல்லாம அப்ளிகேஷன் இல்ல. ஒரு செமஸ்டர் விட்டது எனக்கு ஒரு வருஷமா விடிஞ்சுது.

யாருக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் சுத்தமா இருக்கும்

அத்தை பையனும் நானும் ஒரே வயசு. அவனும் ப்ரீ-மெட், சம்மர்ல டெக்சஸ் மெடிக்கல் சென்டர்ல ஒரு லேப்ல சம்பளமில்லாம ரிசர்ச் பண்ணான், பேப்பர்ல பேரு வந்துச்சு, இப்போ மெடிக்கல் ஸ்கூல்ல ரெண்டாவது வருஷம். நல்ல பையன், அவனோட எம்கேட் புக் எல்லாம் எனக்குத்தான் தந்தான், அதுல மஞ்சள் கோடு போட்ட இடமெல்லாம் எனக்கும் உதவுச்சு. அவன் ட்ரான்ஸ்கிரிப்ட்ல ஒரு டபிள்யூ கிடையாது, அது அவன் திறமையும்தான், கூடவே அத்தையோட மாடி ரூமும்தான். மெடிக்கல் ஸ்கூல் பசங்கள்ல சுமார் முக்கால்வாசி பேர் வருமானத்துல நாட்டோட மேல் நாப்பது சதவீதக் குடும்பத்துலேர்ந்து வர்றாங்கன்னு ஏஏஎம்சி 2018-ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. இத நான் கண்டுபிடிக்கல, அட்மிஷன் நடத்துற காலேஜ்களோட சங்கமே சொல்றது. எம்டி ஸ்கூல்களுக்கான ஆம்காஸ்ங்கிற பொது அப்ளிகேஷன்ல 2024 சீசன்லேர்ந்து வாழ்க்கையில சந்திச்ச தடைகளைப் பத்தி எழுத தனியா ஒரு பெட்டியே வெச்சிருக்காங்க, 1325 எழுத்துக்குள்ள. ஆக கேக்க மாட்டோம்னு யாரும் சொல்லல. கேக்குறாங்க. ஆனா கேக்குற விதத்துல ஒரு எதிர்பார்ப்பு இருக்கு, ஒரு குறை வேணும், அது நம்ம குணத்துல இருக்கணும், அப்புறம் நாம திருந்தணும். பணம் இல்லாததை ஒரு குணக்குறையா மாத்திச் சொன்னாதான் அந்தப் பெட்டிக்குள்ள அழகா உக்காருது.

என் சித்தி பொண்ணு நாமக்கல்ல ஹாஸ்டல்ல இருந்து நீட்டுக்கு ரிப்பீட்டரா படிச்சா. அங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, மார்க் என்ன, கட் ஆஃப் என்ன, அவ்வளவுதான், அவ அப்பா எத்தனை ஏக்கர் வித்தார்னு எந்த கமிட்டிக்கும் கவலை இல்ல. அதுலயும் கொடுமை இருக்கு. அவகிட்ட என் கதையச் சொன்னா, உனக்காவது காரணம் சொல்ல எடம் இருக்கேக்கான்னா. சரிதான், யோசிச்சேன். ஆனா காரணம் சொல்ல எடம் குடுத்துட்டு, சொல்ற காரணத்தை வேற காரணமா மாத்துன்னு சொன்னா, அந்த எடம் எதுக்கு?

ஊர்ல இன்னும் கேக்குறாங்க, எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம்தான, நீ எட்டு வருஷமா என்ன படிக்கன்னு. இதுக்கு பதில் சொல்றத நிறுத்திட்டேன்.

கடைசில அப்ளிகேஷன்ல நான் எழுதினது மூணு வாக்கியம். 2021 பிப்ரவரி புயலுக்கு அப்புறம் அப்பாவுக்கு வேலை இல்லாம போச்சு, ஃபார்மசியில வேக்சின் வேலையால என் நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, அந்தச் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்டதால லேப் உள்ள கோர்ஸ்களை விட்டேன். குடும்பமா சின்ன வீட்டுக்கு மாறினதும் வேலையைக் குறைச்சு அதே கோர்ஸ்களை முடிச்சேன். கிரேடு இதோ. கத்துக்கிட்டேன், வளந்தேன்னு ஒரு வார்த்தை சேக்கல. அட்வைசர் மேடம் படிச்சுட்டு ரொம்ப வெறுமையா இருக்குன்னாங்க, உன் இஷ்டம்னாங்க.

நெஜ இன்டர்வியூல கேட்டாங்க. வயசான டாக்டர் ஒருத்தர், குடும்ப மருத்துவம். அதே மூணு வாக்கியத்தைத்தான் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கிட்டார், அடுத்த கேள்விக்குப் போயிட்டார். என்ன எழுதினார்னு நானும் நெறைய ராத்திரி யோசிச்சாச்சு. ரிசல்ட் இன்னும் வரல, வரலன்னா அடுத்த மே மாசம் மறுபடி அப்ளிகேஷன், அந்த மூணு வாக்கியம் அப்படியேதான் போகும். நடுவுல எமர்ஜென்சி ரூம்ல ஸ்கிரைப் வேலைக்கு மாறிட்டேன், ஃபார்மசிய விட சம்பளம் கம்மி, ஆனா டாக்டர் பக்கத்துலயே நின்னு நோட் எழுதுற வேலை, அதுக்குத்தான் அப்ளிகேஷன்ல மதிப்பு. நூத்துக்கணக்கான பேர் கையில ஊசி போட்டது வெறும் வேலை அனுபவம்னு ஒரு கோட்டுக்குள்ள போயிருச்சு, அத ஆரம்பிச்சா இன்னொரு கட்டுரை ஆயிரும்.

கோயில்ல பாக்குற ஒரு பொண்ணு, கம்யூனிட்டி காலேஜ்ல முதல் வருஷம், சாயங்காலம் ரெஸ்டாரன்ட்ல வேலை, கெமிஸ்ட்ரிய விட்டுரலாமாக்கான்னு போன வாரம் பியர்லேண்ட் மீனாட்சி கோயில் பார்க்கிங்ல கேட்டா. நான் அவகிட்ட விடு, விடாதேன்னு ரெண்டுமே சொல்லல. முதல்ல ஃபைனான்ஷியல் எய்டுக்கு ஃபோன் போடு, அட்வைசர்கிட்ட அதுக்கப்புறம் போன்னேன். சாப் எவ்வளவுல நிக்குது, இத விட்டா எவ்வளவு ஆகும்னு அவங்களையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லு, ஒரு கோர்ஸாவது கையில இருக்கட்டும், வேலை நேரத்தை அவங்கதான் மாத்தினாங்கன்னா மேனேஜர்கிட்ட அன்னிக்கே லெட்டர் எழுதி வாங்கிரு, ஆறு மாசம் கழிச்சு அந்த மேனேஜர் அங்க இருக்க மாட்டார். அடுத்த செமஸ்டர் லேப் எந்த நேரத்துல வருதுன்னு பாத்துட்டு அதுக்கப்புறம் விடு, கிளாஸை விடுறது ஒரு நிமிஷ வேலை, தோதான லேப் ஸெக்‌ஷன் கெடைக்கிறது அப்படி இல்ல. டிராப் பண்ற கடைசித் தேதி ரெஜிஸ்ட்ரார் காலண்டர்ல எங்கயாவது ஒரு வரில இருக்கும்டி, அந்த அறுபது சதவீதத் தேதி பல காலேஜ்ல அதுல இருக்காது, தனியா கேட்டு எழுதி வெச்சுக்கோன்னேன். அங்கயே நின்னு ஃபோன்ல குறிச்சுக்கிட்டா.